விழுங்கும் குட்டியும் படைக்கும் கையும்

உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நால்வகையாக வகுத்தனர் நம் முன்னோர். சோறு உண்பது, பழம் தின்பது, பால் பருகுவது, தேன் நக்குவது. விழுங்குவன என்று ஐந்தாவது வகையொன்றை அவர்கள் வகுத்திலர். மனிதர் உணவையே கருதி வகுத்தமையால் அது வேண்டப்படவில்லை போலும். வீட்டிலே பூனைக்குட்டியொன்றை வளர்ப்பவர்களோ அந்த ஐந்தாவது வகையை நாள்தோறும் காண்கின்றார்கள். தட்டை நிலத்தில் வைத்த ஓசை அடங்குமுன் தட்டு வெறுமையாகின்றது. சற்றைக்கெல்லாம் விழுங்கியது விழுங்கியபடியே வெளியே வருகின்றது. வீட்டுக்காரர் விளக்குமாற்றை எடுக்கின்றார். குட்டி கட்டிலின்கீழ் ஒளித்துக்கொள்கின்றது. அடுத்த வேளையும் இதுவே நிகழ்கின்றது.

இந்தச் சிறு நாடகத்திலே குற்றவாளி யார் என்பதே இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொண்ட பொருள். குட்டிதான் என்று பலர் தீர்ப்புக் கூறிவிட்டனர். அத்தீர்ப்பை மீண்டும் ஆராய வேண்டும் என்பது என் கருத்து. குட்டியின் விரைவு அதன் பிறப்பும் வளர்ப்பும் பசியும் சிலபோது நோயும் சேர்ந்து ஆக்கிய நிலை. படைக்கின்ற கை தன் முறையை மாற்றினால், உண்ணுகின்ற வாய் தானே நிதானத்துக்கு வரும்.

இலக்கியப் பக்கத்திலே பூனைக்குட்டிக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனையை நம் புலவர் ஒதுக்கினாரல்லர். விலங்குகளின் இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. 'பறழ்' என்னும் பெயரையும் விலக்கவில்லை. வெருகைப் 'பூசை' என்று வழங்குதலையும் அவ்வியல் ஏற்கின்றது. அந்தப் பூசையைக் கம்பர் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதைக் கற்றோர் அறிவர். அவையடக்கம் கூறுமிடத்து, இராமகாதையைப் பாடப் புகுந்த தம் ஆசைக்கு, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனை ஒன்றை உவமை சொன்னார். கடலோ பெரிது; நாவோ சிறிது; ஆசையோ கடலினும் பெரிது. அந்தப் பூனையைப் பார்த்து நமக்கு நகை வருகின்றது, வெறுப்பு வருவதில்லை. கம்பர் அதனை அடித்து விரட்டவும் இல்லை. அதனோடு தம்மையே ஒப்பிட்டுக்கொண்டார். கவிச்சக்கரவர்த்திக்கு இருந்த அந்தப் பெருந்தன்மையிற் சிறிதளவேனும் நமக்கு வாய்க்குமாயின், தட்டின்முன் நிற்கும் குட்டியை நாம் வேறு கண்கொண்டு பார்ப்போம்.

குட்டியைக் குற்றவாளியாக்குபவர்கள் சொல்லுகின்ற சொல் 'பேராசை' என்பது. இச்சொல் இங்குப் பொருந்துமா? போதும் என்ற அளவை அறிந்திருந்தும் அதற்குமேல் வேண்டி நிற்பதே பேராசை. போதும் என்பதை ஒருநாளேனும் கண்டிராத உயிருக்குப் பேராசை எங்ஙனம் உண்டாகும்? பசி என்ற சொல்லால் உணர்த்தவேண்டியதைப் பேராசை என்ற சொல்லால் உணர்த்துவது சொற்குற்றம் மாத்திரம் அன்று; பொருட்குற்றமும் ஆகும். சொல் பிழைத்தால் செயலும் பிழைக்கும். பேராசை என்று பெயரிட்டவர் தண்டிக்கின்றார். உண்ணும்போது தட்டைப் பறிக்கின்றார், முதுகில் அடிக்கின்றார், 'ஒருவேளை பட்டினி கிடந்தாற்றான் புத்தி வரும்' என்கின்றார். பசி என்று பெயரிட்டவரோ காரணத்தைத் தேடுகின்றார். நாமும் காரணத்தைத் தேடுவோம்.

முதலாவது காரணம் பல்லிலே உள்ளது. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது நமது பழமொழி. மென்று தின்னும் பல் படைத்த மனிதருக்கு அது பொன்மொழி. பூனைக்கு அது பொருந்தாது. மனிதருக்குப் பல் 32. வளர்ந்த பூனைக்கு 30. குட்டிக்குப் பாற்பற்கள் 26. தொகையிலே பெரிய வேறுபாடு இல்லை, தொழிலிலேதான் வேறுபாடு. நமது கடைவாய்ப் பற்கள் அம்மிபோல் அரைப்பன. பூனையின் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல்போல் நறுக்குவன. அதன் தாடை மேலும் கீழும் அசையுமேயன்றி, ஆடுமாடுகளின் தாடைபோலப் பக்கவாட்டில் அசைந்து அரைப்பதில்லை. ஆகவே பூனை இறைச்சியைத் துண்டாக்கும், துண்டை விழுங்கும். அதுவே அதன் இயல்பு. மெல்லவில்லையே என்று குட்டியைக் குறைகூறுவது, மீன் நடக்கவில்லையே என்று குறைகூறுவதை ஒக்கும். நாம் குறைக்க வேண்டியது ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் இடையிலுள்ள அவசரத்தை மட்டுமே.

இரண்டாவது காரணம் பூனையின் குலவழக்கம். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை. சைப்பிரசுத் தீவிலே 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகில், ஏறக்குறைய எட்டு மாத வயதுடைய பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை அகழ்வாய்வாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதரோடு இத்துணை நெடுங்காலம் வாழ்ந்தும் பூனை தன் உண்ணும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. ஓநாய் கூட்டமாக வேட்டையாடிக் கூட்டமாக உண்பது. பூனையோ தனியே பதுங்கி, தனியே பாய்ந்து, தனியே உண்பது. அதன் இரையும் சிறிது. ஓர் எலியின் உடலிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 30 கிலோகலோரி. நான்கு கிலோ நிறையுள்ள பூனைக்கு ஒருநாளைக்கு வேண்டுவது ஏறக்குறைய 200 முதல் 250 கிலோகலோரி வரை. நாளொன்றுக்கு ஏழெட்டு எலிகளையேனும் அது தேடிப் பிடித்தாக வேண்டும். அஃதாவது, இயற்கை பூனைக்கு விதித்தது சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணும் உணவு. ஒவ்வொரு முறைக்கும் முன்னர் ஒரு தேடலும் ஒரு பாய்ச்சலும் உண்டு.

நாம் என்ன செய்கின்றோம்? காலையில் ஒரு குவியல், இரவில் ஒரு குவியல் என்று இரண்டு வேளையாகக் கொட்டுகின்றோம். வீட்டில் நான்கு பூனைகள் இருந்தால் நான்கையும் ஒரே சட்டியின் முன் அழைக்கின்றோம். 'பந்திக்கு முந்து' என்று பழமொழி சொல்லும் நாம், தனித்துண்ணும் உயிரைப் பந்தியிலே இருத்திவிட்டு, அது முந்துகின்றது என்று சினக்கின்றோம். பெரிய கடுவன் பூனையின் தோளுக்கிடையில் தலையை நுழைத்து உண்ணவேண்டிய குட்டி விரையாமல் வேறென்ன செய்யும்? அங்கே மெதுவாக உண்ட குட்டிக்கு மிச்சம் இருப்பதில்லை.

மூன்றாவது காரணம் நினைவு. நம் ஊர்களிலே பூனைக்குட்டிகள் பெரும்பாலும் எவ்வாறு வீடு வந்து சேர்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். கண்திறந்து சில வாரங்கள் ஆகுமுன்னே உரப்பையில் இட்டுச் சந்தை மதிலோரத்தில் விடப்பட்டவை சில. கோயில் வீதியில் விடப்பட்டவை சில. தாயின் மடியிலே ஐந்தாறு குட்டிகளோடு போட்டியிட்டுக் கடைசியில் இடம்பெற்றவை சில. மீன்சந்தையிலே காகத்துக்கும் நாய்க்கும் இடையிற் செவுளைக் கவ்விக்கொண்டு ஓடிப் பழகியவை சில. அக்குட்டிக்கு உலகம் கற்பித்த முதற்பாடம் ஒன்றே: இப்போது விழுங்கு; அடுத்த கணம் இராது. அந்தப் பாடத்தை நன்றாகக் கற்ற குட்டியே உயிர்தப்பி நம் வாசலுக்கு வந்தது. வந்தபின், உயிரைக் காத்த அதே பாடத்துக்காக அதனை அடிக்கின்றோம்.

இந்த நாட்டிலே வாழ்ந்தவர்களுக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் நடந்தவர்களும், 2009ஆம் ஆண்டு வவுனியா முகாம்களில் வரிசையில் நின்று சோறு வாங்கியவர்களும், 2022ஆம் ஆண்டு எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாட்கணக்கிற் காத்திருந்தவர்களும் நம்மிடையே இருக்கின்றார்கள். வரிசை கலைந்து நெடுநாளான பின்னும் மனம் வரிசையிலேயே நிற்பதுண்டு. அரிசிப் பானை நிறைந்திருக்கவும் இன்னுமொரு கொத்து வாங்கிவைக்கத் தோன்றுவதுண்டு. அதனைப் பேராசை என்று எவரும் சொல்வதில்லை, பட்டறிவு என்கின்றோம். ஒன்றரை மாதக் குட்டிக்கும் பட்டறிவு உண்டு என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு என்ன தடை?

நான்காவது காரணம் வயிற்றினுள்ளே இருப்பது. குட்டிகளுக்கு வட்டப்புழுக்கள் தாய்ப்பாலின் வழியாகவே தொற்றக்கூடும். வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிந்து, எவ்வளவு உண்டும் தேறாத குட்டியைக் கண்டால் முதலில் ஐயுறவேண்டியது புழுக்களையே. புழு உள்ள குட்டிக்குத் தட்டை மாற்றிப் பயனில்லை. மிருக வைத்தியர் வயதும் நிறையும் பார்த்துத் தரும் மருந்தே பயன்தரும். நாமே மனிதருக்குரிய குளிசையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

இதனோடு சேர்த்து நம் அடுக்களை வழக்கத்தையும் சொல்லவேண்டும். சோற்றிலே சிறிது மீன்குழம்பை விட்டுப் பிசைந்து வைப்பதே பூனைக்கு உணவு என்று நாம் எண்ணிவிட்டோம். வயிறு நிறையும், உடல் நிறையாது. பூனை ஊனுண்ணி. டோரின் என்னும் சத்து உணவிலே குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975ஆம் ஆண்டிலும், இதயத்தசை தளரும் என்பது 1987ஆம் ஆண்டிலும் ஆய்வாளரால் நிறுவப்பட்டது. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை. வெறுஞ்சோற்றில் வளரும் குட்டி எப்போதும் எதையோ தேடுவதும், மீன்வாடை வந்ததும் பாய்வதும் வியப்பல்ல. குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதிக்குக் கேடு விளைப்பன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். வேகவைத்த மீனின் முள்ளை அவசரக் குட்டியின் தட்டில் விடுவது அதன் தொண்டையிலே தூண்டில் இடுவது போன்றது. முள்நீக்கிய மீனோ, உப்பும் மிளகாயுமின்றி அவித்த கோழி இறைச்சியோ, குட்டிகளுக்கென்றே ஆக்கி விற்கும் உணவோ தகும்.

இனி, விரைந்து உண்பதால் வரும் தீங்கு யாது? எதுக்களித்தல் வேறு, சத்தியெடுத்தல் வேறு. உண்ட சிறிதுநேரத்தில் உணவு செரிக்காமல், உருக்குலையாமல், குழல்வடிவாக வெளிவருமாயின் அது எதுக்களிப்பு. வயிறு குலுங்கி ஓங்கரித்து, செரித்தும் செரியாததும் பித்தமும் கலந்து வருமாயின் அது சத்தி. முன்னையது பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. பின்னையது நோயின் அறிகுறியாகலாம். எதுவாயினும் அடிக்கடி நிகழ்ந்தாலும், குட்டி மெலிந்தாலும், கழிச்சல் கண்டாலும், நன்றாக உண்டுவந்த குட்டி ஒருநாள் முழுவதும் உணவைத் தொடாவிட்டாலும் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். சிறு உடலில் இருப்புக் குறைவு. பெரிய பூனை தாங்கும் பட்டினியைக் குட்டி தாங்காது. விரைவினால் மூச்சுக்குழல் அடைபடும் ஆபத்தும் உண்டு. இவை இல்லையாயினும், உண்டதெல்லாம் நிலத்திற்குப் போகின்ற குட்டி வளர்வது எங்ஙனம்?

பரிகாரத்துக்கு வருவோம். என்னிடம் படிக்கும் மாணவர் ஒருவர் சந்தையடியிலே கிடந்த குட்டியொன்றை வீட்டுக்குக் கொண்டுசென்றார். சில நாட்களின் பின், "ஐயா, வைச்ச உடனை விழுங்கிப்போட்டு அப்படியே கக்குது. அம்மா திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லுறா" என்று முறையிட்டார். அவருடைய அப்பாச்சியார்தாம் அக்குட்டியைக் காத்தவர். "அது கள்ளக் குணமில்லை மோனை, காய்ஞ்ச வயிறு. தட்டை மாத்திப் பாப்பம்" என்று சொல்லி, பாவிக்காமற் கிடந்த இட்டலித்தட்டு ஒன்றை எடுத்து, மசித்த மீனைக் குழிக்குக் குழி சிறிதளவாகத் தடவி வைத்தாராம். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நகரவேண்டியிருந்தமையால் குட்டியின் வாய்க்கு ஓய்வு கிடைத்தது. ஒரு வாரத்தில் எதுக்களிப்புக் குறைந்தது; குட்டியும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. மேல்நாடுகளிலே இதற்கென்றே மேடுபள்ளம் வைத்த தட்டுகளைச் செய்து விற்கின்றார்கள். இப்போது நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. வாங்க வசதியுள்ளோர் வாங்கலாம். வாங்க இயலாதோர் அந்த அப்பாச்சியாரைப் பின்பற்றலாம். தத்துவம் ஒன்றே: குவியலைக் கலைத்துவிடு.

அந்தத் தத்துவத்தின் வழியே செய்யத்தக்கன பல. குழிந்த கிண்ணத்துக்குப் பதிலாக அகன்ற தட்டிலே உணவை மெல்லியதாகப் பரப்பிவைக்கலாம். குட்டி அப்போது வாய்நிறைய அள்ளமுடியாமல் நக்கி உண்ணும். கிண்ணமே உள்ளதாயின், நன்றாகக் கழுவிய வழுவழுப்பான கல்லொன்றை நடுவில் வைக்கலாம். கல் குட்டியின் வாய்க்குள் அடங்காத பருமனுடையதாக இருத்தல் கட்டாயம். கடையில் வாங்கும் உலர்ந்த மணியுணவாயின், இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். அல்லது பல்லாங்குழிப் பலகையின் 14 குழிகளிலும் இவ்விரண்டு மணியாக இட்டுவைக்கலாம். நம் பாட்டிமார் விளையாடிய பலகையிலே குட்டியும் ஓர் ஆட்டம் ஆடட்டும். மணிகளைச் சுளகிலே சிதறிவிட்டுப் பொறுக்கவிடுவதும் நன்று. எதையும் முதலில் எளிதாகத் தொடங்குக. தேடியும் கிடைக்காத புதிராகத் தட்டை ஆக்கிவிட்டால் குட்டி சலித்துப் பசியோடு திரும்பிவிடும். முதல் வகுப்பு மாணவனிடம் நன்னூலைக் கொடுப்பவர் இலர்.

அடுத்தது வேளை. நான்கு மாதம் நிறையும்வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம்வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையேனும் கொடுப்பது பொதுவாகச் சொல்லப்படும் முறை. ஒருநாளைக்குரிய மொத்த அளவு கூடவேண்டியதில்லை. அதனைப் பிரித்துக் கொடுப்பதே வேண்டுவது. நேரம் தவறாமை அளவினும் முதன்மையானது. காலை ஆறு மணிக்கு வரும் உணவு நாளையும் ஆறு மணிக்கே வரும் என்று குட்டி நம்பத் தொடங்கும் நாளில் அதன் விரைவு தணியத் தொடங்கும். அந்த நம்பிக்கையைச் சொல்லால் ஊட்டமுடியாது, நாட்களால்தான் ஊட்டமுடியும். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடம். பல பூனைகள் உள்ள வீட்டிலே ஒவ்வொன்றுக்கும் தனித்தட்டு வேண்டும். ஒன்றையொன்று பாராதபடி, ஒன்று விறாந்தையிலும் மற்றொன்று அடுக்களை மூலையிலுமாக வைக்கலாம். குட்டி உண்ணும்போது நாயும் சிறுபிள்ளைகளும் சூழ்ந்து நிற்கலாகாது. தட்டினுள்ளே கைவிடுவதும், உண்ணும்போது தூக்குவதும் விரைவை வளர்ப்பன. 'பறிக்க வருகின்றார்கள்' என்ற பழைய அச்சம் மெய்யாகிவிடும்.

நான்காவது விளையாட்டு. மாலைப்பொழுதிலே வேலியோரம் வெருகு வருதலையும், அதனைக் கண்ட கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைத்தலையும் குறுந்தொகைப் புலவர் கண்டிருக்கின்றார். அந்தியும் விடியலும் பூனையின் வேட்டைப்பொழுது. அப்பொழுதிலே ஒரு கோழியிறகைக் கயிற்றிற் கட்டி இழுத்துக் குட்டியைப் பத்து நிமிடம் பாயவும் பதுங்கவும் விட்டு, அதன்பின் உணவு வைத்தால், இயற்கை விதித்த ஒழுங்கு நிறைவேறும். வேட்டை, உணவு, உடல் நக்கல், உறக்கம் என்பதே அவ்வொழுங்கு. விளையாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுக. நூலை விழுங்கிய குட்டிக்குக் குடலறுவைச் சிகிச்சையே வேண்டிவரலாம்.

இவ்வளவும் ஒரு பூனைக்கா? மனிதருக்கே உணவு பற்றாத காலத்தில் இது மிகையன்றோ? இவ்வாறு கேட்பவர்களின் கேள்வி நேர்மையானது. அதனை நான் எள்ளமாட்டேன். ஆனால், மேலே சொன்னவற்றுள் பணச்செலவுள்ளது எது? பழைய இட்டலித்தட்டுக்குச் செலவில்லை. கல்லுக்குச் செலவில்லை. இரண்டு வேளை உணவை நான்காகப் பிரிப்பதற்குச் செலவில்லை. எதுக்களித்து நிலத்திற்போகும் உணவு வயிற்றில் தங்குவதால் வரவே உண்டு. செலவாவது பொறுமை ஒன்றே. பற்றாக்குறைக் காலத்திலே பொறுமையையும் பங்கீட்டுக்கு விடவேண்டும் என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. மேலும், பசித்த உயிரைப் பழிக்காமற் பார்க்கும் கண் பூனைக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என இரண்டாக இருப்பதில்லை. காலையிலே வெறுவயிற்றோடு பாடசாலைக்கு வந்து, இடைவேளையில் அள்ளி விழுங்கும் பிள்ளையை 'மரியாதை தெரியாதவன்' என்று சொல்லும் நாவும், குட்டியைப் 'பேராசை பிடித்தது' என்று சொல்லும் நாவும் ஒன்றே. அந்த நாவைத் திருத்திக்கொள்ள வீட்டிலுள்ள குட்டி நமக்கு ஒரு வாய்ப்பு. ஆசிரியர்களாகிய நமக்கு இது சிறப்பாக உரியது.

வள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்திலே, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணவேண்டும் என்று அறிவுறுத்தினார். அறிவுரை கேட்கவல்லாருக்கு அது சொல்லப்பட்டது. கேட்கமாட்டாத உயிருக்கு யார் பொறுப்பு? நம் நாட்டுச் சமயவாதிகள் இரண்டு நியாயங்களை எடுத்துக்காட்டுவர். ஒன்று குரங்குக்குட்டி நியாயம்: குட்டியே தாயை இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும். மற்றது பூனைக்குட்டி நியாயம்: தாயே குட்டியைக் கவ்விச் சுமக்கும், குட்டி செய்யவேண்டுவது ஒன்றுமில்லை. தன்னாலொன்றும் இயலாமல் பிறர் பொறுப்பிலே இருக்கும் உயிருக்கு எடுத்துக்காட்டுத் தேடிய பெரியோர், உலகத்து உயிர்களுள் எல்லாம் பூனைக்குட்டியையே தேர்ந்தெடுத்தார்கள். அத்தகைய குட்டியினிடத்திலே தன்னடக்கத்தை எதிர்பார்த்து, இல்லையென்று தண்டிப்பது நியாயமாகுமா?

தாயிடமிருந்து பிரித்துக் குட்டியை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே தாயின் பொறுப்பு நம் கைக்கு மாறிவிட்டது. ஆகவே, இன்று மாலை தட்டை வைப்பவர்கள் குவியலாக வையாதிருங்கள். பரப்பி வையுங்கள், பிரித்து வையுங்கள், நேரத்துக்கு வையுங்கள், வைத்துவிட்டு ஓரடி விலகி நில்லுங்கள். நாளையும் உணவு உண்டு என்பதை உங்கள் தட்டு அதற்குச் சொல்லட்டும்.